பிடிப்பு எதன் குணம்?

ஒரு பொருளின் நன்மை அப்பொருளுக்குள்ளேயே குடிகொண்டிருக்கிறதா, அன்றி அது பிறிதொன்றோடு சேரும் சேர்க்கையில்தான் பிறக்கிறதா என்பது இந்திய மெய்யியல் மரபுகள் பலவும் வெவ்வேறு வடிவில் எதிர்கொண்ட வினாவாகும். இவ்வினாவை ஏட்டிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்துப் பார்ப்பதற்கு மாத்தளை மாவட்டத்தில் ரிவர்ஸ்டன் வழியாக மலையேறும் வீதியும், தாரிலும் கிரவலிலும் மாறிமாறி ஓடவேண்டிய மோட்டார் சைக்கிளுக்கு எந்த டயர் பொருந்தும் என்ற கேள்வியும் போதும். சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒரு பெரிய பிழையைத் தன்னுள் வைத்திருக்கிறது. பாதுகாப்பு என்பது முழுவதும் ஓட்டுநரின் தெரிவைப் பொறுத்தது என்பதே அப்பிழை.

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை ஊடாகச் செல்லும் இவ்வீதி தேயிலையையும் ஏலக்காயையும் கடந்து, கொண்டையூசி வளைவுகளில் ஏறி, ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் ரிவர்ஸ்டன் கணவாயை அடைகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் இந்த இடைவெளியில் காற்று ஆளைத் தள்ளும் வேகத்தில் வீசும். மூடுபனி இறங்கும்போது அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. கணவாய்க்கு அப்பால் பிட்டவல பத்தனை என்னும் புல்வெளியைத் தாண்டி இலுக்கும்புற, லக்கலைப் பக்கமாக வீதி இறங்கும்போது ஈரவலயம் பின்தங்கி உலர்வலயம் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் மேற்குச் சரிவில் மழை கொட்டிக்கொண்டிருக்கையில் கிழக்குச் சரிவு வெயிலில் காய்ந்து கிடப்பதுண்டு. பிரதான வீதி தாரிடப்பட்டது என்றாலும், அதிலிருந்து பிரியும் தோட்டப் பாதைகளிலும் கிராமப் பாதைகளிலும் கிரவலே மிகுதி. ஆகவே ஒரே பயணத்தில் ஒரே டயர் ஈரத் தார், உலர்ந்த தார், உருளும் கல், குழைந்த மண் எனப் பல நிலங்களைச் சந்திக்கிறது.

இந்நிலங்களில் டயர் பற்றிக்கொள்ளும் முறை ஒன்றல்ல. தாரின் மேற்பரப்பு கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தது. மென்மையான ரப்பர் அம்மேடுகளின்மீது அழுந்தி வடிவம் மாறி, மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பும்போது ஆற்றலை இழக்கிறது, அந்த இழப்பு வழுக்கலைத் தடுக்கும் விசையின் ஒரு பகுதியாகிறது. எனவே தாருக்குரிய டயரில் நிலத்தைத் தொடும் ரப்பர் அதிகமாகவும், பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றுவதற்குப் போதிய அளவிலும் இருக்கும்; ரப்பர்க் கலவையில் சிலிக்கா சேர்க்கப்பட்டிருந்தால் ஈரத்தில் பிடிப்பு மேலும் கூடும். கிரவலில் நிலைமை வேறு. அங்கே டயர் எவ்வளவு இறுகப் பற்றினாலும், பற்றப்பட்ட கல்லே தன் அடியிலுள்ள மண்ணைவிட்டு உருண்டுவிடும். ஆகவே அகன்ற இடைவெளிகளோடு கட்டைகட்டையாக ரப்பர் துருத்திநிற்கும் டயர், அதாவது பேச்சுவழக்கில் பட்டன் டயர் எனப்படுவது, தளர்ந்த மேற்படையைக் கிழித்துக் கீழுள்ள உறுதியான மண்ணில் ஊன்றுகிறது. அதே டயர் தாருக்கு வந்ததும் அதன் பலமே பலவீனமாகிறது: நிலத்தைத் தொடும் பரப்பு சுருங்குகிறது, கட்டைகள் வளைவுகளில் நெளிகின்றன, ஈரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரம் நீள்கிறது, ரப்பரும் விரைவில் தேய்ந்துபோகிறது.

அவ்வாறெனில் பிடிப்பு டயரின் குணமா, நிலத்தின் குணமா? நியாய வைசேடிக மரபு இதற்கு ஒரு சொல்லை வைத்திருக்கிறது. அன்னம்பட்டர் வடமொழியில் எழுதி, 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகம் குணங்கள் 24 என எண்ணும்போது அவற்றுள் ஒன்றாகச் சையோகத்தைச் சேர்க்கிறது. சையோகம் என்பது இரு பொருள்களின் கூடுகை. நிறம் ஒரு பூவில் மட்டும் இருக்கலாம். சையோகமோ கூடுகின்ற இரண்டிலும் ஒருங்கே இருந்தாலன்றி இல்லை. தருக்க நூலார் இதனோடு இன்னொரு நுட்பத்தையும் சேர்த்தனர்: கிளையில் குரங்கு அமர்ந்திருக்கும் மரத்தில் குரங்கோடு கூடுகை கிளையில் உண்டு, வேரில் இல்லை; ஆதலால் சையோகம் தான் உறையும் பொருள் முழுவதிலும் பரவுவதில்லை. மோட்டார் சைக்கிள் டயர் நிலத்தைத் தொடும் பகுதியும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. வண்டியும் ஓட்டுநரும் பின்னிருப்பவரும் அத்தகைய இரண்டு உள்ளங்கைகளின்மீது சாய்ந்து வளைவைக் கடக்கின்றனர் என்பதும், அந்த இடத்தின் தன்மையை டயரைச் செய்தவரோ வீதியைப் போட்டவரோ தனியே நிர்ணயித்துவிட முடியாது என்பதும் இக்கருத்தைச் சொல்லாட்சி என்ற நிலையிலிருந்து உயிர்ப்பிரச்சினையாக உயர்த்துகின்றன.

இரண்டு நிலங்களுக்கும் பொதுவான டயர் வேண்டுமென்றால் இரண்டிலும் பாதிப்பாதி கொண்டதைத் தெரிவுசெய்வது நடுவழி என்று பலர் கொள்வர். விற்பனையிலும் 50க்கு 50, 80க்கு 20 என்றவாறு தாருக்கும் மண்ணுக்கும் பங்கு பிரித்தே டயர்கள் அடையாளப்படுத்தப்படுகின்றன. நடுவென்பது பாதி என்ற இக்கணக்கை அரிஸ்டாட்டில் முன்பே மறுத்தார். பத்துப் பங்கு உணவு மிகுதி, இரண்டு பங்கு குறைவு என்பதனால் எல்லோருக்கும் ஆறு பங்கு சரியாகிவிடாது, மற்போர் வீரனுக்கு அது போதாது, பயிற்சி தொடங்குபவனுக்கு அது அதிகம் என்பது அவர் காட்டிய வழி. ரிவர்ஸ்டன் வீதியில் நடுவைக் காண்பதற்கு எத்தனை கிலோமீற்றர் தார், எத்தனை கிலோமீற்றர் கிரவல் என்று அளப்பதைவிட, எந்தத் தவறு திருத்தமுடியாதது என்று கேட்பதே பொருத்தம். கிரவலில் டயர் போதாவிட்டால் வேகத்தைக் குறைத்து அக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்யலாம். மூடுபனியில், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்க, நனைந்த தார் வளைவில் முன்சக்கரம் நழுவினால் ஈடுசெய்வதற்கு நேரம் இல்லை. ஆகவே இம்மலையை எப்போதாவது கடப்பவருக்குத் தாரின் பக்கம் நன்கு சாய்ந்த, ஈரப்பிடிப்புள்ள, அளவான கட்டைகள் கொண்ட டயரே நடுவழி. பின்சக்கரம் சறுக்கினால் பல வேளைகளில் வண்டியை மீட்கலாம், முன்சக்கரம் சறுக்கினால் அரிது என்பதால், முன் டயரில் சிக்கனம் பார்ப்பது தகாது. நாள்தோறும் தோட்டப் பாதையில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்பவருக்கோ நடு வேறிடத்தில் இருக்கிறது.

டயரைத் தெரிவுசெய்த பின்னும் நடுவைத் தேடும் வேலை முடிவதில்லை, ஏனெனில் காற்றழுத்தம் எஞ்சியிருக்கிறது. தாருக்குரிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 30 இறாத்தல் என்றால், கிரவலில் சில இறாத்தல்களைக் குறைப்பதால் டயர் தளர்ந்து கற்களைத் தழுவி அகலும். மிகக் குறைத்தாலோ கல்லில் மோதி ரிம் நசுங்கும். டியூப் நெரிபட்டுப் பஞ்சராகும். மீண்டும் தாருக்கு வரும்போது காற்றை நிரப்பாமல் ஓடினால் டயர் சூடேறித் தளும்பும்.

மிகுதியும் குறைவும் ஒருங்கே கெடுக்கும் என்னும் இந்த இடத்தில் மாத்தளைக்கே உரிய ஒரு நினைவு எழுகிறது. நகருக்குச் சற்று வடக்கே உள்ள அளுவிகாரையில்தான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்ட பாளித் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. அத்திரிபிடகத்தின் அங்குத்தர நிகாயத்திலும் விநய பிடகத்திலும் சோணர் என்னும் துறவியின் வரலாறு வருகிறது. செல்வத்தில் வளர்ந்த மென்பாதங்களை உடைய அவர் நடைத்தியானத்தில் அளவுமீறி முயன்றபோது பாதம் வெடித்து நடைபாதை குருதியால் நனைந்தது. இல்லறத்தில் வீணை வாசித்தவரான அவரிடம், நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை எழுமா என்று புத்தர் வினவினார். மத்திமப் பாதைக்கு இவ்வுரையாடலையே அனைவரும் எடுத்துக்காட்டுவர்.

ஆனால் விநய பிடகம் அங்கே நின்றுவிடவில்லை. சோணரின் பாதங்களைக் கருதி, ஒற்றை அடி கொண்ட காலணி அணிய அவருக்குப் புத்தர் அனுமதி அளிக்கிறார். சங்கம் முழுவதற்கும் அனுமதித்தாலன்றித் தாம் அணியப்போவதில்லை என்று சோணர் மறுக்கிறார்; அதன்பின் எல்லாத் துறவிகளுக்கும் காலணி அனுமதிக்கப்படுகிறது. வீணை நரம்பின் பாடம் முயற்சியை அளவாக்கச் சொல்கிறது. காலணியின் பாடம் பாதத்துக்கும் நிலத்துக்கும் இடையே நிகழும் கூடுகையைச் சங்கம் முழுவதன் கவலையாக ஏற்கிறது. நடுவழி பற்றிப் பேசுவோர் முதற் பாடத்தையே மீண்டும் மீண்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுவது பெரும் இழப்பு.

பிடிப்பு இரண்டிலும் உறைவது என்றால் நிலத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்ற நக்கிள்ஸ் மலைத்தொடரில், உலகில் வேறெங்கும் இல்லாத பல்லிகளும் தவளைகளும் வாழ்கின்றன. பட்டன் டயர் புல்வெளியில் ஒருமுறை இட்ட தடம் மழைநீருக்கு வாய்க்காலாகி மண்ணை அரிக்கும். கம்மம் என்பது கருத்தோடு செய்யும் செயல் எனப் பௌத்தம் வரையறுப்பதனால், வீதியைவிட்டு விலகும் நோக்கத்துடன் டயர் வாங்குபவரின் செயல் கடையிலேயே தொடங்கிவிடுகிறது.

நிலத்தின் மறுபாதி மனிதருடையது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக வந்தவர்களுக்கு மாத்தளை மலைநாட்டின் வாசலாக இருந்தது; வழியில் காய்ச்சலாலும் பசியாலும் இறந்தோர் பலர். அவர்களது வழித்தோன்றல்கள் வாழும் தோட்டங்களின் பாதைகள் நெடுங்காலம் யாருடைய பொறுப்பு என்பதே தெளிவாக இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணிசெய்வதற்குத் தடையாக விளங்கியது. அது 2018இல்தான் திருத்தப்பட்டது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே முப்பதாண்டுகளாக அவர்கள் லயத்துப் பாதைக்குத் தடையின்றி ஒரு வண்டிக் கிரவல் போட முடியாதிருந்தது என்பதே இதன் பொருள்.

இப்பாதைகளில் விபத்து நேரும்போது தேய்ந்த டயரோடு ஏன் வந்தாய் என்று ஓட்டுநரிடம் கேட்கப்படுகிறது. அக்கேள்வி நியாயமானதே, டயரின் பங்கு அவருடையது. கூடுகையின் மற்றப் பங்கைப் பற்றிய கேள்வி பிரதேச சபையிடமும் தோட்ட நிருவாகத்திடமும் அதே குரலில் கேட்கப்பட வேண்டும், அதுவும் விபத்துக்கு முன்பாக, வரவுசெலவுத் திட்டம் விவாதிக்கப்படும் கூட்டத்திலேயே கேட்கப்பட வேண்டும்.