காத்தலும் ஆற்றுதலும்

"குரு நன்றாக விளங்க வேண்டுமானால், மாமா, முதலில் அவர் காயம் ஆற்றுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்" என்று என் தங்கை மகன் சொன்னான். பல்கலைக்கழக விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அவன், கணினித் திரையின் முன் அமர்ந்து, ஒரு கற்பனை உலக விளையாட்டுக்காகச் சமயகுரு ஒருவரை உருவாக்கிக்கொண்டிருந்தான். இறைவனை வேண்டி அருள் பெற்று, அவ்வருளால் துணைவரின் காயங்களை ஆற்றுவதே அக்குருவின் தொழில் என்று சற்று முன்னர்தான் எனக்கு விளக்கியிருந்தான். தம் தொழிலைக் குறைத்துக்கொள்வதால் ஒருவர் அத்தொழிலில் சிறப்பார் என்பது எனக்கு வேடிக்கையாகத் தோன்றியது. சமைப்பதைக் குறைத்தால் சமையற்காரர் சிறப்பார் என்பதைப் போல் இருந்தது. ஆயினும் அவன் கூறிய காரணங்களைக் கேட்கக் கேட்க வேடிக்கை மறைந்து, வினா ஒன்று எஞ்சி நின்றது. துன்புறுவோர்க்கு உதவுவதையே கடமையாகக் கொண்ட ஒருவர், அளவோடு கிடைத்த தம் ஆற்றலை எங்கே செலவிட வேண்டும்? விழுந்தவரைத் தூக்குவதிலா? எவரும் விழாமற் காப்பதிலா?

விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். அதன் பெயர் 'பால்டர்ஸ் கேட் 3'. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த லாரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. அதன் விதிகள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பைத் தழுவியவை. அம்மேசை விளையாட்டோ 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரால் ஆக்கப்பட்டது. தாளும் பென்சிலும் பகடையுமே அதன் கருவிகள். முதற்பதிப்பில் மூன்றே வகை மாந்தர் இருந்தனர்: போர்வீரர், மந்திரவாதி, இவ்விருவருக்கும் இடைப்பட்ட 'கிளெரிக்' என்னும் சமயகுரு. குரு கவசம் அணியலாம். ஆனால் கூரிய படைக்கலம் ஏந்தலாகாது. முதற்படியில் நிற்கும் குருவுக்கு மந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. அடுத்த படிக்கு ஏறிய பின்னரே அருள் வந்து சேரும். பயிற்சி ஆசிரியனாக முதல் நாள் வகுப்பறையில் நின்றதை நினைத்துக்கொண்டேன். இவ்விதியை வகுத்தவர் உலகம் அறிந்தவர்தாம்.

குருவாக இருக்க ஒருவரும் முன்வருவதில்லை என்பது அவ்விளையாட்டில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்த குறை. வாள் வீசும் பெருமையும் தீ பொழியும் வியப்பும் பிறருக்கு. அடிபட்டவர் அழைக்கும்போதெல்லாம் ஓடும் வேலை குருவுக்கு. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்கு ஒரு வழி கண்டது. குரு எந்த வேண்டுதலை ஆயத்தம் செய்து வைத்திருந்தாலும், தேவைப்படும்போது அதைக் காயம் ஆற்றும் வேண்டுதலாக மாற்றிக்கொள்ளலாம் என்றது. அதனால் குரு வேறு செயல்களிலும் ஈடுபட முடிந்தது. தொண்டு செய்வோரும் மனிதரே, அவருக்கும் மகிழ்ச்சி வேண்டும் என்பதை விதிகளை எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள் போலும்.

இனி மருமகனின் கணக்குக்கு வருவோம். ஒரு மாந்தரை எவ்வாறு ஆக்குவது என்பதை இளைஞர்கள் 'பில்ட்' என்கின்றனர். வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, ஞானம், கவர்ச்சி என்னும் ஆறு இயல்புகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க 27 புள்ளிகள் உண்டு. எல்லாவற்றையும் உயர்த்த அவை போதா. குருவின் அருள் ஞானத்தைப் பொறுத்தது. ஆகவே ஞானமே முதலிடம் பெறும்.

ஞானம் 16 உடைய குரு 'கியூர் வூண்ட்ஸ்' என்னும் வேண்டுதலைச் செய்தால், எட்டு முகப் பகடையில் விழும் எண்ணோடு 3 கூட்டி அத்தனை உயிர்ப்புள்ளிகளை மீட்டுத் தருவார். சராசரி 7.5. எதிரே பெருங்கோடரி ஏந்திய பகைவன் நிற்கிறான். அவன் வலிமை 16 எனில், பன்னிரண்டு முகப் பகடையில் விழும் எண்ணோடு 3 கூட்டிய அடி விழும். சராசரி 9.5. குரு தம் முறை முழுவதையும் செலவிட்டும், பட்ட ஓரடியின் காயத்தையே முழுமையாக ஆற்ற முடியவில்லை. முதற்படியில் இத்தகைய வேண்டுதலுக்கு இரண்டே வாய்ப்புகள்தாம். அவை தீர்ந்தால் ஓய்வு கொள்ளும்வரை வெறுங்கைதான்.

அதே வாய்ப்பில் 'பிளெஸ்' என்னும் வாழ்த்தைச் செய்தால் நிலைமை வேறு. துணைவர் மூவர் பத்துச் சுற்றுகள்வரை தம் தாக்குதலுக்கும் தீங்கைத் தடுக்கும் முயற்சிக்கும் நான்கு முகப் பகடை ஒன்றைக் கூட்டிக்கொள்வர். வெற்றி தோல்வியை முடிவு செய்வது இருபது முகப் பகடை. அதில் ஓர் எண் என்பது நூற்றுக்கு ஐந்து. நான்கு முகப் பகடையின் சராசரி 2.5, ஆகவே எட்டு அடிக்கு ஓரடி கூடுதலாகப் படும். பகைவன் விரைவில் வீழ்வான். வீழ்ந்தவன் எவரையும் காயப்படுத்த மாட்டான். ஐந்தாம் படியில் கிட்டும் 'ஸ்பிரிட் கார்டியன்ஸ்' இன்னும் கடுமையானது. குருவைச் சுற்றி ஆவிகள் வட்டமிடும். நெருங்கும் பகைவரை மூன்று எட்டு முகப் பகடைகளின் அளவுக்குத் தாக்கும். குரு பகைவர் நடுவே நடந்து சென்றாலே போதும்.

ஆனால் இவ்விரண்டும் மனவொருமையால் நிற்பவை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நிறுத்த முடியும். குருவுக்கு அடி விழுந்தால் உடலுறுதியைக் கொண்டு பகடை உருட்ட வேண்டும். 10 அல்லது பட்ட அடியில் பாதி, இவற்றுள் எது பெரிதோ அதை எட்டாவிட்டால் அருள் கலைந்துவிடும். ஆகவே ஞானத்துக்கு அடுத்த இடம் உடலுறுதிக்கு என்றான். தம் உடலைப் பேணாத ஆசிரியர் பலரை நான் அறிவேன். இவ்விடத்தில் நான் மறுத்துப் பேசவில்லை.

காயம் ஆற்றுவதை அவன் முற்றிலும் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'ஹீலிங் வேர்ட்' என்று ஒன்று உண்டு. தொலைவில் நின்றபடியே ஒரு சொல்லைச் சொல்லி விழுந்தவரை எழுப்பலாம். அதற்குக் குருவின் முதன்மைச் செயலே தேவையில்லை. துணைச் செயல் போதும். மீளும் புள்ளிகளும் மிகச் சிலவே. "விழுகிறவரை விட்டுவிட வேண்டும், விழுந்த பிறகு எழுப்ப வேண்டும், அதுதான் சிக்கனம்" என்றான். சிக்கனம் என்ற சொல் என்னை உறுத்தியது.

உறுத்தினாலும், அவன் வாதத்தின் முற்பகுதி தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளில் 'மருந்து' என்று தலைப்பிட்ட அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மருத்துவன் செய்ய வேண்டுவதைக் கூறுவன இறுதி மூன்று குறள்களே. அவற்றுக்கு முன் ஆறு குறள்கள் உண்ணும் அளவையும் முறையையும் பற்றியே பேசுகின்றன. மருந்தைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவர், மருந்து வேண்டாத வாழ்வுக்கே பெரும்பங்கு இடம் ஒதுக்கினார். திறன் அறிந்து செய்யும் உதவியை அருளற்றது என்று எவரும் தள்ளிவிட முடியாது. கண்முன் தெரியும் காயத்துக்குக் கட்டுப்போடும்போது நம் உள்ளம் நிறைகிறது; நிகழாமற்போன காயத்துக்கு நன்றி சொல்வார் இல்லை. இந்நிறைவுக்காகவே ஆற்றுவதைத் தேர்வோமாயின், நாம் பேணுவது துன்புற்றவரையன்று, நம்மையே. இவ்வளவு தூரம் மருமகனோடு நானும் உடன்பட்டேன்.

உடன்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. இதே கணக்கை நான் ஒரு பள்ளியில் போட்டிருக்கிறேன். 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்படும்வரை, திறமை மிகுந்த ஆசிரியரை ஆறாம் ஆண்டுக்கு அனுப்புவது வழக்கம். நான் பொறுப்பேற்ற ஆண்டில் அவ்வழக்கத்தை மாற்றினேன். குறைநீக்கல் வகுப்பை நடத்திவந்த ஆசிரியை மிகத் திறமையானவர். அவரை முதலாம் ஆண்டுக்கு மாற்றினேன். எழுத்தறிவு தொடக்கத்திலேயே சரியாக அமைந்துவிட்டால், பின்னர்க் குறை நீக்க வேண்டிய தேவையே குறையும் என்பது என் கருத்து. அக்கருத்து பொய்க்கவில்லை. அவரிடம் பயின்ற முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆண்டு முடிவதற்குள் தடையின்றிப் படித்தார்கள்.

குறைநீக்கல் வகுப்பு மற்றோர் ஆசிரியரிடம் சென்றது. அவர் நல்லவர்; ஆனால் அப்பணிக்குப் பயிற்சி பெறாதவர். அவ்வகுப்பில் நான்காம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அந்த ஆசிரியையிடம் உயிர்மெய் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தவன், மாற்றத்துக்குப் பின் வாய் திறக்கவே மறுத்தான். ஒருநாள் என் அறைக்கு வெளியே நின்று, "டீச்சர் எங்க சார் போனாங்க?" என்று கேட்டான். பத்து அடி தொலைவில், அடுத்த கட்டடத்தில்தான் அவர் இருந்தார். அவனுக்கு என்ன விடை சொன்னேன் என்பது நினைவில் இல்லை. ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன் என்பது மட்டும் நினைவில் இருக்கிறது.

இச்சிறுவனை நினைத்துக்கொண்டே மருமகனின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அவன் கணக்கு முழுவதையும் தாங்கி நிற்கும் ஒரு விதி எனக்குப் புலப்பட்டது. அவ்விளையாட்டில் ஐம்பது உயிர்ப்புள்ளி உள்ள வீரனும் ஒரே புள்ளி எஞ்சிய வீரனும் ஒரே வலிமையோடு வாள் வீசுகின்றனர். காயம் கையைத் தளர்த்துவதில்லை, மனத்தைக் கலக்குவதில்லை. விழும் நொடிவரை அவன் முழு வீரன். விழுந்தவனும் ஒரு சொல்லால் எழுந்தவுடன் பழைய வீரனே. காயம்பட்டவனைப் பொறுத்தவரை, விழுவதற்கு முந்திய துன்பத்துக்கு அங்கே கணக்கே இல்லை. ஆகவேதான் அங்கே விழும்வரை காத்திருப்பது சிக்கனமாகிறது. மருமகன் கூறியது உண்மையே. ஆனால் அஃது இவ்விதி நிலவும் உலகத்து உண்மை.

நம் உலகில் காயம்பட்டவர் அரை ஆளாக நடக்கிறார். வாய் திறக்க மறுத்த சிறுவன் தேர்வில் தோற்ற அன்று விழவில்லை. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பிருந்தே ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டிருந்தான். அவனிடம் செலவிடப்படும் ஒரு மணி நேரம், வருங்காலத்தில் தவிர்க்கப்படும் குறைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சிறிதுதான். ஆனால் அவ்வொப்பீட்டில் அவனுடைய இன்றைய நாளுக்கு மதிப்பெண் இடப்படவில்லை. என் கணக்கில் பிழையில்லை. எதை எண்ணக் கூடாது என்று நான் முன்னரே முடிவு செய்துவிட்டிருந்தேன், அங்கேதான் பிழை.

குருவை ஆக்குவதில் இன்னொரு தேர்வும் உண்டு. அஃது இதைவிட ஆழமானது என்றாலும் சுருக்கமாகவே சொல்கிறேன். குரு தம் அருட்டுறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வாழ்வு, ஒளி, வஞ்சகம், அறிவு, இயற்கை, புயல், போர் என்று முதலில் ஏழு துறைகள் இருந்தன. 2025-இல் மரணமும் சேர்ந்தது. வாழ்வுத்துறையினர்க்குக் கனத்த கவசம் கிடைக்கும். ஒளித்துறையினர் பகைவன் கண்ணைக் கூசச் செய்து அவன் அடியைத் தவறச் செய்யலாம். இளைஞர்கள் இந்த ஆதாயங்களை எடைபோட்டே துறையைத் தேர்கின்றனர். பிடிக்காவிட்டால் முகாமில் இருக்கும் விதர்ஸ் என்னும் முதியவரிடம் 100 பொற்காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கவசத்துக்காகக் கடவுளைத் தேர்வது எத்தகைய பக்தி என்று கேட்கத் தோன்றுகிறது. சம்பளத்துக்கும் விடுமுறைக்கும் ஆசிரியத் தொழிலைத் தேர்ந்து, பின்னர் அத்தொழிலாலேயே ஆட்கொள்ளப்பட்டவர்களை எண்ணி, அக்கேள்வியை உரக்கக் கேளாமல் விட்டேன்.

அவ்விளையாட்டின் கதையிலேயே ஷேடோஹார்ட் என்னும் பெண்குரு ஒருத்தி வருகிறாள். (விளையாடி முடிக்காதோர் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) அவள் வணங்குவது ஷார் என்னும் இருள் தெய்வத்தை. அத்தெய்வத்தின் பணிக்காகத் தன் நினைவுகளையே இழந்தவள். வஞ்சகத்துறையைச் சேர்ந்தவளாக அவளை ஆக்கி வைத்திருக்கின்றனர். அத்துறை போருக்கு அவ்வளவாகப் பயன்படாது என்று, விளையாடுவோர் பலர் 100 காசு கொடுத்து அவள் துறையை மாற்றிவிடுகின்றனர். ஆனால் கதையின் நடுவே, சிறைப்பட்ட ஒருத்தியைக் கொல்லுமாறு அவள் தெய்வம் கேட்கும் கட்டத்தில், துறையும் புள்ளியும் பகடையும் கைகொடுப்பதில்லை. ஈட்டியோடு நிற்பவள் தான் யாருக்காக இத்தனை ஆற்றலையும் பெற்றாள் என்பதை முடிவு செய்தாக வேண்டும். அதற்கு நூறு காசு கொடுத்து மாற்றம் பெற முடியாது.

இவற்றையெல்லாம் மருமகனிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. "நீங்க ஆடினா எந்தத் துறையை எடுப்பீங்க, மாமா?" என்று அவன் கேட்டபோது, வாழ்வு என்றேன். "சரிதான், கனத்த கவசம் கிடைக்கும்" என்று தலையசைத்தான். என் காரணம் அதுவன்று. ஆயினும் அவன் ஆட்டம் தொடங்கிவிட்டது. துணைவன் ஒருவன் பாதி உயிர்ப்புள்ளியோடு திரையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். மருமகன் 'பிளெஸ்' பொத்தானுக்கு விரலைக் கொண்டு சென்றான். என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு குருவை அந்தத் துணைவனிடம் நடத்திச் சென்று அவன் காயத்தில் கைவைக்கச் செய்தான். "ஒரு முறை வீண் போச்சு" என்று சிரித்தான். அப்போரில் அவர்கள் தோற்றார்கள். மறுபடியும் தொடங்கினான்.