நேர்ந்த காணிக்கை

எம்பெருமான் அவாப்த ஸமஸ்த காமன். பெறவேண்டுவன யாவும் பெற்று நிறைந்தவன். அங்ஙனமாயின் அவன் திருமுன்பு தளிகையும் கனியும் மாலையும் எதற்கு?

இவ்வினாவை எல்லாச் சமயங்களும் எதிர்கொண்டுள்ளன. பண்டை உரோமானியர், தெய்வம் தமக்குத் தரவேண்டும் என்று தெய்வத்துக்குத் தந்தனர். யூதர்கள் நிலம் இறைவனுடையது என்பதை உணர்ந்து, முதல் விளைச்சலை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டு சென்றனர். பலியின் ஊனும் குருதியும் இறைவனைச் சென்றடைவதில்லை, இறையச்சமே சென்றடைகிறது என்பது குர்ஆன் உணர்த்தும் கருத்து. இலையும் பூவும் கனியும் நீரும் அன்போடு தரப்பட்டால் போதும் என்று கீதையில் கண்ணன் அருளினான்.

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால்தான் களத்தில் நெல். இங்கு உழவன் மழை வேண்டி நேர்ந்துகொள்வது இழிவன்று. தந்தையிடம் கேட்பது பிள்ளையின் உரிமை. ஆனால் காணிக்கையை அருளுக்கு விலையாகக் கருதினால் இரு தீங்குகள் விளையும். மழை பொய்த்த ஆண்டில் பக்தியும் பொய்த்துப்போகும். செல்வன் மிகுதியாகப் பெறுவான் என்றும் ஆகிவிடும்.

இதற்கு விடை இம்மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்தது. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் ஆண்டாள் நேர்ந்துகொண்டாள். அவன் வந்து அமுது செய்தருளினால் என்ன வேண்டும் என்கிறாள்? ஒன்றுக்கு நூறாயிரமாக இன்னும் தந்து, ஆட்செய்யவும் வேண்டும் என்கிறாள். கொடுத்ததற்குப் பயன் மேலும் கொடுப்பதே! வாணிபம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

நாச்சியார் அன்று தந்தது சொல் ஒன்றே. அதனைப் பிற்காலத்தில் எம்பெருமானார் இராமாநுசர் நிறைவேற்றிவிட்டு வில்லிபுத்தூர் சென்றபோது, அவரை ஆண்டாள் 'அண்ணன்' என்று அழைத்து உகந்ததாகப் பெரியோர் கூறுவர். ஒருவர் நேர்ந்ததை மற்றொருவர் செலுத்தினார். அதனால் உறவு பிறந்தது. மார்கழி இருபத்தேழாம் நாள், கூடாரவல்லி, வைணவத் திருத்தலங்களில் இன்றும் அக்காரவடிசில் சமர்ப்பிக்கப்பெறுகிறது.

ஆதலின் வறண்ட ஆண்டில் நேர்த்தியைச் செலுத்த இயலாத ஏழை அஞ்சவேண்டுவதில்லை. அவன் சொல்லை எம்பெருமான் திருவுள்ளம் ஏற்கும். செலுத்த வல்லவருக்கோ அதில் ஒரு கடமை உண்டு. அமுது செய்த தளிகை பிரசாதமாகத் திரும்பிவருவது அடியார் அனைவரும் உண்பதற்கே. பக்கத்தில் நிற்பவன் கை வெறுமையாயிருக்கத் தன் கையை மட்டும் நிரப்பிக்கொள்பவன், சமர்ப்பணத்தைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறான். இத்திருவிழாவில் பிரசாதம் பெறும் அன்பர்கள் அதனைப் பகிர்ந்துண்டு, அழகன் அருளுக்குப் பாத்திரராவார்களாக.