மண்மேடும் பெயரும்

இல்வாழ்வான் பேண வேண்டியவர்களை எண்ணுங்கால், தென்புலத்தாரைத் தெய்வத்துக்கும் முன்னே வைத்தார் திருவள்ளுவர். விருந்தினரும் சுற்றத்தாரும் அவர்களுக்குப் பின்னரே வருகின்றனர். நன்றி கூறவோ குறை கூறவோ இயலாத இறந்தோருக்கு ஏன் முதலிடம்? முகமறியாத ஒருவருக்கு மனிதன் கடன்பட்டிருக்க முடியுமா?

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வேரூன்றிய குடும்பங்களுக்கு இஃது ஏட்டு வினா அன்று. ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் வட்டாரங்களில் காடழித்து ரப்பர் நட்ட தலைமுறையினருட் பலர், நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிக் கங்காணிகளின் வழியே வந்தவர்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு அத்தகைய ஆள்சேர்ப்புக்குத் தடை விதித்தது. அதற்குள் வந்தவர்களுட் பலர் ஊர் திரும்பாமலே தோட்டத்து இடுகாட்டில் அடங்கினர். கல் நாட்டி எழுத்துப் பொறிக்கும் வசதி சிலருக்கே வாய்த்தது. ஏனையோருக்கு ஒரு மண்மேடு. தலைமாட்டில் ஒரு மரக்கட்டை அல்லது பூச்செடி. சில ஆண்டு மழையில் மேடும் தரையாகிவிடும். அவர்கள் நட்ட மரத்தின் பாலில்தான் பேரப்பிள்ளைகளின் கல்வி நடந்தது.

அந்த மண்ணும் உழைத்தவருக்குச் சொந்தமன்று. தோட்டம் விலைபோகும்போது இடுகாடும் உடன் விலைபோகிறது. நீலாய், லாபு, செண்டாயான் பகுதிகளில் பால்மரம் நின்ற நிலத்தில் இன்று குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. எலும்புகளை எடுத்து வேறிடத்தில் அடக்கலாந்தான். எந்த மேடு யாருடையது என்று கைகாட்ட ஒரு மூதாட்டியேனும் இருக்க வேண்டுமே!

இதே மாநிலத்தில், அடாட் பெர்பாத்தே வழக்கைப் பேணும் மலாய்க்காரர்கள் குலத்தைத் தாய்வழியே எண்ணுகின்றனர். மூதாதையர் நிலம் பெண்மக்களைச் சேர்கிறது. அங்கே நிலமே குலவரலாற்றைக் காக்கிறது. நிலமற்ற தோட்டத் தமிழர் தம் முன்னோரைப் பெயரில் காத்தனர். பாட்டன் பெயரைத் தாங்குபவனாதலின் மகனின் மகன் பெயரன் ஆனான். பேரன் என்பது அதன் மரூஉ. கல்லறை கரைந்தாலும் பாட்டனின் பெயர் லயத்து வாசலில் ஓடி விளையாடிற்று. எண்கணிதம் பார்த்துப் பொருளறியாப் பெயர்களைச் சூட்டும் இன்றைய பெற்றோர், தாம் அறுப்பது எந்த இழையை என்று எண்ணுவதாகத் தெரியவில்லை. பெண்டிர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக ஒரு தலைமுறையேனும் நிற்கும். விடியலில் பால் வெட்டப் போன பாட்டியின் பெயருக்கு அந்த ஓரெழுத்தும் இல்லை.

தீபாவளிக்கு முன்னாள் படையலிடும் வழக்கம் எஞ்சியிருப்பது நற்பேறு. இலையில் சோறு கறியோடு ஒரு குவளைக் காப்பியும் ஒரு சுருட்டும் வைக்கப்படுகின்றன. “இது யாருக்கு?” என்று சிறுவன் கேட்கிறான். குடும்பத்தின் வரலாற்றுப் பாடம் அங்கே தொடங்குகிறது.

ஆனால் அப்பாடம் மெய்யாக இருத்தல் வேண்டும். கங்காணியாயிருந்த பாட்டனார் பலரை வாழவைத்த வள்ளல் என்று ஒரு வீட்டில் கூறுவர். அவரிடம் கடன்பட்டு நொந்த குடும்பத்தின் வழித்தோன்றல்கள் வேறு கதை கூறுவர். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால், நினைக்கப்படுபவர் அவரல்லர். நாம் புனைந்த வேறொருவர். சுருட்டு வைக்கத் தயங்காதவர்கள் அவர்தம் குறையைச் சொல்லவும் தயங்க வேண்டியதில்லை.

மண்மேடும் வாய்க்காதவர்களும் உளர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்-பர்மா இரயில்பாதை அமைக்க ஜப்பானியர் கொண்டுசென்ற தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் மாண்டனர். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் போயினர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரருக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வீழ்ந்தவனின் பெயரைக் கல்லில் எழுதி வழிபட்ட இனத்தாருக்கு அவ்வூரில் ஒரு நடுகல் எழ 2023ஆம் ஆண்டு ஆயிற்று. மாண்ட தமிழர் அனைவரின் பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை.

இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மரபு மகாளய அமாவாசையை ஒதுக்கியுள்ளது. அன்று எள்ளும் நீரும் இறைப்பவர் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். இரயில்பாதைக்குப் போனவர்களின் பெயர்களை நேரில் அறிந்தவர்கள் தோட்டப்புறங்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள்.