தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் யார்?

1997ஆம் ஆண்டின் மலேசியச் சிறப்புக் கல்வி விதிமுறைகள், எந்தப் பிள்ளை கல்வி பெறத் தகுதியானது என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்தன. பிறர் உதவியை நம்பாமல் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டைப் பட்டன் போடக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடமே, ‘போடத் தெரிஞ்சதும் வா’ என்றால் எப்படி? 2013இல் புதிய விதிமுறைகள் வந்தன. 2019இல் எந்த மாணவரையும் நிராகரிக்கக்கூடாது என்ற கொள்கை வந்தது. ஆனால் அந்த அளவுகோல் நம் மனத்தை விட்டுப் போய்விட்டதா?

அது தோட்டத்திலிருந்தே நம்முடன் வருகிறது. கோப்பெங் வட்டாரமானாலும் வேறு எந்த ரப்பர் தோட்டமானாலும் விடியுமுன் பெரட்டு. செக்ரோலில் பேர் இருந்தால்தான் சம்பளம். உழைக்கும் கைதான் மனிதருக்கு அளவு. ஆனால் அதே தோட்டத்தில் ஆயாக்கொட்டகையும் இருந்தது. அம்மாக்கள் மரம் வெட்டப் போனதும் ஓர் ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அதற்குச் சம்பளமும் உண்டு. பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பிள்ளைக்காக அல்ல, பாலுக்காக.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தபோது ஆயாக்கொட்டகை கூட வரவில்லை. இன்று சிறப்புத் தேவையுள்ள பிள்ளையோடு ஓர் அம்மா வீட்டில் தனியாக இருக்கிறார். ‘நீ தெய்வம்மா’ என்கிறோம். தெய்வமாக்கிவிட்டால், நாம் ஒரு மணி நேரம் போய் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை.

அமெரிக்கத் தத்துவவாதி எவா ஃபெடர் கிட்டே, கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள மகளின் தாய். 1999இல் வெளிவந்த ‘லவ்ஸ் லேபர்’ நூலில் அவர் வைக்கும் வாதம் எளிமையானது. யாரோ ஒருவர் குளிப்பாட்டி, ஊட்டி வளர்க்காமல் எவரும் ‘சுயமாக’ நின்றதில்லை. பிள்ளைபெற்றவளைக் கவனிக்க ஒருவர் தேவைப்படுவதுபோல, பராமரிப்பவரைத் தாங்குவதும் சமூகத்தின் கடமை. நம் ஊர்ப் பேறுகாலப் பாட்டிகளுக்கு இது தெரிந்த விஷயம்தான்.

அப்படியானால் பயிற்சி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். தானே சோறு அள்ளிச் சாப்பிடும் பிள்ளைக்கு அதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் பயிற்சி என்பது பிள்ளைக்கு நாம் தரவேண்டியது. அதன் மதிப்பை நிறுத்துப்பார்க்கும் தராசு அல்ல. 1984இல் திரங்கானுவில் தொடங்கி நாடெங்கும் பரவிய பிடிகே சமூக மறுவாழ்வு மையங்களை, ‘பிள்ளை எவ்வளவு முன்னேறியிருக்கு?’ என்று மட்டும் கேட்டு அளக்க முடியாது. அங்கே பிள்ளைக்குக் கிடைக்கும் சில மணி நேரம், அம்மாவுக்குக் கிடைக்கும் மூச்சும்தான்.

‘எனக்கப்புறம் இவன யாரு பாத்துக்குவா?’ என்று அந்த அம்மாக்கள் கேட்பதைச் சாமியிடம் வைக்கும் முறையீடாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அந்தக் கேள்வி பக்கத்து வீட்டுக்காரர்களான நமக்குமானது.