கருகின ரொட்டி யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் கோழிக்குழம்பு. ஒரு கோழி, ஒன்பது பேர். எந்தத் துண்டு யாருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, கரண்டிக்கே தெரியும். கால் இரண்டும் அப்பாவுக்கும் பெரிய அண்ணனுக்கும். நெஞ்சுக்கறி வந்திருக்கும் சொந்தக்காரருக்கு. கடைக்குட்டி என்பதால் ஈரல் எனக்கு. அம்மாவுக்கும் ஆச்சிக்கும் கழுத்தும் முதுகெலும்பும், பிறகு சட்டியில் ஒட்டின மசாலாவில் பிசைந்த சோறும். எங்கள் ஊர் சாத்தான்குளத்தில் அன்று எந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்திருந்தாலும் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்.

சென்னையில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த நாட்களில் கோழிக்கறியை ரொட்டிக்குள் வைத்து வாட்டக் கற்றுக்கொண்டேன். சென்ற வருஷம் ஊருக்குப் போனபோது வீட்டில் எல்லாருக்கும் செய்து கொடுத்தேன். அரைக் கிலோ எலும்பில்லாத கறி. உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, ஆறினதும் கையாலேயே நார் நாராகப் பிய்க்க வேண்டும். கத்தியால் நறுக்கினால் கறி துண்டு துண்டாக நின்றுவிடும். பிய்த்தால்தான் மிளகும் எலுமிச்சையும் அதற்குள் இறங்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெள்ளரிக்காய், மல்லித்தழை எல்லாம் பொடியாக. சேர்த்துப் பிடிக்க, துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர். கடைகளில் மயோனைஸ் போடுவார்கள். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. நம் வெயிலுக்கு அது சரியான முடிவு, தயிர் ருசியிலும் குறைவில்லை.

கலவைக்கு வேண்டிய உப்பைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் வெங்காயமும் வெள்ளரியும் தண்ணீர் விட்டு ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும். அதற்காகவே ரொட்டியின் உள்பக்கத்தையும் முதலில் தோசைக்கல்லில் லேசாக வாட்டிக்கொள்வேன். அப்புறம் கறியைப் பரத்தி, மூடி, வெளியே நெய் தடவி, மேலே கனமான கிண்ணம் ஒன்றை வைத்து அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவந்து வரும்.

எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இதில் கால் இல்லை, கழுத்து இல்லை. ஒரே கறி, ஒரே அளவு, யார் எடுத்தாலும் ஒன்றுதான். தட்டை நடுவில் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "இதுல எனக்கு எதுய்யா?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா. எதை வேணும்னாலும் எடு."

ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஓரம் கருகியிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டாள். "கருகுனதையும் யாராவது திங்கணும்லா" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எல்லாத் துண்டையும் சமமாக்கினேன். அதற்குள்ளும் குறைந்த ஒன்றை அவள் கண் தேடிக் கண்டுபிடித்துவிட்டது.

அன்று இன்னொன்றும் புரிந்தது. கல்லில் ஒரு தடவைக்கு இரண்டுதான் வாட்ட முடியும். மொறுமொறுப்பு ஐந்து நிமிஷம்கூட நிற்காது. கல் பக்கத்தில் நிற்பவன் எல்லாரும் சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுத்ததைத் திருப்ப வேண்டும். நான் உட்காரும்போது மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது ஒருநாள் அனுபவம். எங்கள் வீட்டில் தோசை சுட்ட எல்லா ராத்திரியும் அம்மா இருந்த இடம் அது. அம்மா முதலில் சாப்பிட்டு நான் பார்த்தது அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோதுதான். அப்போதெல்லாம் காய்ச்சல் என்றால்தான் வீட்டுக்கு ரொட்டியே வரும். உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பியில் அதை நனைத்து நனைத்துச் சாப்பிடுவாள்.

இதை வெறும் பாசக் கதையாகச் சொல்லிக் கண்ணீர் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல். மாதவிலக்கும் பேறுகாலமும் பெரிய காரணங்கள். ஆனால் அப்படி இரத்தம் இழக்கிற உடம்புக்குத்தானே கறி முதலில் போயிருக்க வேண்டும்? கோழியில் இரும்புச்சத்து மிகுந்தது ஈரல். நெஞ்சுக்கறியைவிடக் காலில் அது கூடுதல். இரண்டும் எங்கள் வீட்டுப் பெண்கள் தட்டுக்கு வந்ததில்லை. நான் தின்ற ஈரல் அம்மாவுக்கு உரியது.

இந்தக் கணக்கு மாறிய ஓர் இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் முதலூர் இருக்கிறது. 1799-ல் இந்தச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று முதன்முதலில் உண்டான ஊர் என்பதால் அந்தப் பெயர். அந்த வட்டாரத்துச் சபைகளில் அசனம் என்கிற பொது விருந்து வைத்தால் ஊரே கூடும். நான் பார்த்த அசனங்களில் அண்டாவைக் கிண்டியதும் வாளி தூக்கிப் பரிமாறியதும் பெரும்பாலும் ஆண்கள். அம்மாவும் மைனியும் பந்தியில் உட்கார்ந்து, இலையில் சோறு விழக் காத்திருப்பார்கள். அண்டாவிலிருந்து வருகிற கரண்டிக்கு யார் அம்மா, யார் மூத்த மகன் என்று தெரியாது. கறி விழுந்தபடி விழும். அம்மா இலையில் நல்ல துண்டு ஒன்று விழுந்ததையும், அதை எடுத்து யாருக்கும் வைக்க முடியாமல் அவளே சாப்பிட்டதையும் பார்த்திருக்கிறேன். வருஷத்தில் ஒருநாள் ஊருக்காக வாளி தூக்க முடிகிற ஆண்களுக்கு வீட்டில் ஒரு கரண்டி தூக்க முடியாதா?

இப்போது ஊருக்குப் போனால் கல் பக்கத்தில் அண்ணனும் நானும் மாறி மாறி நிற்கிறோம். முதலில் இறங்குகிற ரொட்டி அம்மாவுக்கு. முதல் இரண்டு தடவை "பிள்ளைகளுக்குக் குடு" என்று தள்ளிவிட்டாள். மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டாள், ஆனால் நின்றுகொண்டே தின்றாள். போன மாசம்தான் உட்கார்ந்தாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் கோழி எடுத்தால் ஈரலை எடுத்து அம்மா தட்டில் வையுங்கள். வேண்டாம் என்பார்கள், உங்கள் தட்டுக்கே திருப்பிப் போடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். அவர்கள் அதைத் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.