எவன் எண்ணிச் சொன்னான்?

"உன்னால் இவ்வளவுதான் முடியும்" என்று உனக்கு அளந்து சொன்னவன் யார்? அவன் எந்த மலையில் ஏறி நின்று அளந்தான்?

ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைநாட்டில் மூவாயிரம் அடியைத் தாண்டிய மலைகள் முப்பது சொச்சம்தான் என்று ஒரு காலத்தில் வழிகாட்டி நூலே அச்சடித்து விற்றது. ஊரும் தலையாட்டியது. ஹ்யூ மன்றோ என்பவர் ஆட்டவில்லை. வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு சேற்றிலும் பனியிலும் நடந்தார். 1891இல் அவர் வெளியிட்ட பட்டியலில் தனி மலைகள் மட்டுமே 283! இன்று அந்த மலைகளுக்கே 'மன்றோ' என்றுதான் பெயர்.

அந்தப் பட்டியலிலேயே பொல்லாத இடம் ஸ்கை தீவின் குயிலின் மலைத்தொடர். அங்குள்ள கேப்ரோ பாறை விரல்தோலை உரித்தெடுக்கும். ஆனால் பூட்ஸை விடாமல் பிடித்துக்கொள்ளும். இடையிடையே ஓடும் பசால்ட் பாறையோ மழை பட்டால் காலை வாரிவிடும். பாறையின் காந்தத்தால் சில இடங்களில் திசைகாட்டி முள்ளே பொய் சொல்லும். அந்தத் தொடரில் ஒரு மலையின் தலைமேல், சுறாவின் துடுப்பைப்போல ஒற்றைக்கல் செங்குத்தாக நிற்கிறது. அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 986 மீட்டர். விளிம்பைப் பற்றி ஏறினால் இரண்டு பக்கமும் பாதாளம். அதற்கு வைத்த பெயர் 'எட்டமுடியாத சிகரம்'.

1880இல் பில்கிங்டன் சகோதரர்கள் இருவர் அதை எட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை! ஏறி நின்ற பிறகும் எட்டமுடியாதது என்றே கூப்பிடுகிற உலகம் இது. உன் நெற்றியில் ஒட்டியிருக்கிறார்களே 'மக்கு', 'தேறாத கேஸ்' என்று, அந்தச் சீட்டுக்கும் இதே மதிப்புதான். கிழித்தெறி!

மன்றோ அந்தக் கல்லில் ஏறியதே இல்லை. பட்டியலை முடிக்காமலேயே 1919இல் இறந்துபோனார். முதலில் முடித்தவர் என்று 1901இல் பெயர் வாங்கியவர் ராபர்ட்சன் என்ற பாதிரியார். அதனால் மன்றோ தோற்றவரா? போய்யா! அவர் போட்ட பட்டியல்தானே ராபர்ட்சனுக்கே வழி காட்டியது.

முரட்டுத்தனமாகப் போய் விழச் சொல்லவில்லை நான். நெய்ஸ்மித் என்பவர் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டர் நடக்க ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதைப் போட்டுப் பார். இருட்டுமுன் இறங்க முடியாது என்றால், உச்சி நூறடியில் தெரிந்தாலும் திரும்பிவிடு. அப்படித் திரும்பியவன் அடுத்த சனிக்கிழமை மறுபடி வருவான். எனக்குக் கோபமெல்லாம் அடிவாரத்தில் காரைவிட்டே இறங்காமல் மேகத்தைத் திட்டுகிறவன்மேல்தான்.

மன்றோக்கள் அத்தனையும் ஏறி முடித்ததாகப் பதிவுசெய்தவர்கள் இன்று ஏழாயிரத்துக்கும் மேல். அவர்களில் பலருக்கு முதல் மலை, கிளாஸ்கோவிலிருந்து எளிதில் போய்விடக்கூடிய பென் லோமண்ட். 974 மீட்டர். தெளிவான பாதை.

உன் பென் லோமண்ட் எது? பூட்ஸ் கயிற்றை இறுக்கு. கிளம்பு!