நடுகல்லும் காட்டுப்போரும்

மலாயாப் பொதுவுடைமைக் கட்சியின் தலைவராயிருந்த சின் பெங் 2013-இல் பாங்காக்கில் இறந்தார். அவருடைய சாம்பல் ஓசையின்றி மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கரைக்கப்பட்ட செய்தி 2019-இல் வெளிவந்தபோது, அவர் அந்நியரை எதிர்த்த வீரரா, குடிமக்களின் உயிருக்குப் பொறுப்பாளியா என்னும் பழைய வழக்கு மீண்டும் கிளம்பிற்று. திருவண்ணாமலை அடங்கிய பழைய வட ஆர்க்காட்டிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் பலராதலின், இவ்வழக்கு இவ்வட்டாரத்துக்கு அயலதன்று. ஆக்கிரமித்தவனை எதிர்ப்பது அறமே. ஆயினும் ஆயுதமற்ற ஊரைப் பகைவன் முன் விட்டுவிட்டுக் காட்டுக்குள் மறைவது அறமாகாது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபின், கம்யூனிஸ்டுகள் தலைமையேற்ற மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படை கொரில்லாப் போரில், அதாவது மறைந்திருந்து தாக்கி விலகும் போரில், இறங்கியது. அப்படைக்கு அரிசியும் செய்தியும் தந்தவர்கள் காட்டோரத்தில் பயிரிட்டுவந்த சீனக் குடிகளே. காட்டில் கைக்கு எட்டாதவனுக்கு உரிய தண்டனையை ஜப்பானியர் இவர்கள் மீது இறக்கினர். கொன்ற கை ஜப்பானியருடையது என்பதில் ஐயமில்லை. எனினும், அடி எங்கே விழும் என்று அறிந்தே அடித்தவனுக்கும் அப்பழியில் பங்குண்டு.

தமிழ் நூல்கள் இதில் ஒருமுகமாக நிற்கின்றன. முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்பு விடுமுன் பெண்டிரையும் பிணியாளரையும் அரண் தேடிக்கொள்ளுமாறு அறிவிக்கும் போர்நெறியைப் போற்றுகிறார். மதுரையை எரித்த கண்ணகியின் சினங்கூட முதியோரையும் குழந்தைகளையும் விலக்கிவைத்தது. பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்பது வள்ளுவர் வினைத்தூய்மையில் வகுத்த வரம்பு. விடுதலை வேட்கை அத்தாயின் பசியினும் பெரிதென்று வாதிடுவோர் அவ்வதிகாரத்தை மறுபடியும் படிப்பது நலம். நூல்களை விடினும், செங்கம் வட்டாரத்து நடுகற்கள் கண்முன் நிற்கின்றன. தொறு, அதாவது ஆநிரை, கவரப்பட்டபோது அதை மீட்கப்போய் மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டனர். ஊருக்கும் பகைவனுக்கும் இடையில் அவன் தன் உடலை வைத்தான்.

காட்டிக்கொடுத்தவர் எனக் கருதப்பட்டோரைக் கொன்றதும் மலாயாக் காட்டுப்போரின் பகுதியாகவே இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்து, பிரிட்டிஷார் வந்து சேராத இடைவெளியில் பல ஊர்கள் எதிர்ப்புப் படையின் கைக்குள் வந்தபோது, முறையான விசாரணையின்றிப் பலர் கொல்லப்பட்டனர். ஜொகூரின் பத்து பகாட், மூவார் பகுதிகளில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே குருதி சிந்தியது. ஆராயாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், பிழை தெரிந்த கணமே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டான்.

மலாயாவில் நடந்ததோ வேறு. 1942 செப்டம்பர் 1 அன்று, இன்று தைப்பூசத்துக்குப் பெயர்பெற்ற பத்துமலையருகே கூடிய கட்சித் தலைவர்களை ஜப்பானியர் வளைத்துச் சுட்டுக்கொன்றனர். கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தவர் கட்சியின் பொதுச்செயலாளரான லாய் தேக். எளிய குடிகள் ஐயத்தின் பேரில் உயிரிழந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகள் முழுவதும் அவரே கட்சிக்குத் தலைவராயிருந்து, 1947-இல் கட்சிப் பணத்துடன் தலைமறைவானார்.